கட்டப்படாத புதுச்சேரி

வரைபடக்காரனுடைய உத்தியோக காலத்தில் பெரும்பகுதி, ஒருநாளும் எழும்பாத கட்டடங்களுக்கும், ஓடாத ரயில்களுக்கும், கப்பல் வந்து அணையாத துறைகளுக்கும் கோடு இழுப்பதிலேயே கழிந்துபோகிறது என்று நான் சொன்னால், அந்தத் தொழிலில் இல்லாதவர்கள் அதை நம்புவது அரிதாக இருக்கும். பாலம் ஒன்று கட்டி முடிந்தால் திறப்பு விழா நடக்கிறது, கல்வெட்டு பதிக்கிறார்கள், பத்திரிகையில் படம் வருகிறது. கட்டப்படாத பாலத்துக்கு அவையெல்லாம் இல்லாதபடியால், அதற்காக நடந்த நில அளவையும், துளையிட்டு எடுத்த மண்ணின் பரிசோதனையும், விளக்கு வைத்து எழுதிய மதிப்பீடுகளும், அதன் பொருட்டு நிலத்தைக் கொடுத்தவர்களின் விண்ணப்பங்களும் ஜனங்களின் ஞாபகத்தை விட்டு விரைவில் அகன்றுவிடுகின்றன. 1970களின் தொடக்கத்தில் புதுச்சேரியில் சர்க்காரின் பொறியியல் பிரிவு ஒன்றில் வரைபடக்காரனாகச் சேர்ந்து, ஓய்வு பெற்ற பின்னும் ஆலோசகர்கள் சிலருக்காக அதே வேலையைச் செய்தவன் நான். கட்டாமல் விட்ட திட்டமும் ஊரை மாற்றுகிறது, சில சமயங்களில் கட்டிய திட்டத்தைக் காட்டிலும் ஆழமாக மாற்றுகிறது என்பதே அந்த நீண்ட அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம்.

நான் சேர்ந்த காலத்தில் படம் வரைவதென்பது, டிரேசிங் துணியின்மேல் இந்தியன் இங்க் பேனாவால் கோடு இழுத்து, பிறகு அதை அம்மோனியா இயந்திரத்தில் கொடுத்துக் கண் எரிய எரியப் பிரதி எடுப்பதாக இருந்தது. எங்கள் தலைமை வரைபடக்காரர், 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் ஊரை ஒப்படைத்துச் சென்றதற்கு முன்பே வேலை கற்றவர். மீட்டரைத் தவிர வேறு அளவில் சிந்திக்கவே அவருக்கு வராது. புதிதாக வந்த பையன்களிடம் அவர் முதலில் சொல்லும் வார்த்தை எப்போதும் ஒன்றே: “தம்பி, புதுக் கோடு போடறதுக்கு முந்தி, பழைய கோடு எங்க போவுதுன்னு பாரு. நீ போடறது எதுவும் வெறுந்தரை மேல இல்ல.” பழைய படத்தைக் கீழே விரித்து அதன்மேல் டிரேசிங் தாளைப் பொருத்தி ஊசி குத்தாமல் எவரும் பேனாவைத் தொடக் கூடாது என்பது அவருடைய நியமம்.

அந்த உபதேசத்தின் முழு அர்த்தமும், பிரெஞ்சுக் கீழ்த்திசை ஆய்வுப் பள்ளியைச் சேர்ந்த சரித்திர ஆசிரியர் ழான் தெலோஷ் டச்சுக்காரர்களின் பழைய வரைபடங்களை ஆராய்ந்து வெளியிட்டபோதுதான் எனக்கு விளங்கிற்று. 1693இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஊரைப் பிடித்துக்கொண்ட டச்சுக்காரர், அதை 1699இல் திருப்பிக் கொடுப்பதற்குள் ஒரு விசாலமான நகரத்துக்குத் திட்டம் தீட்டினார்கள். தெருக்கள் நேராகவும் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டுவனவாகவும் அமைந்த அந்தத் திட்டத்தைத் தாங்களே நிறைவேற்றிப் பார்க்க அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் ரிஸ்விக் உடன்படிக்கையால் ஊர் கைமாறிற்று. ஆனால் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர், விட்டுப்போன பகைவன் வரைந்த கோடுகளையே அனுசரித்துத் தெருக்களை வளர்த்தார்கள். பிரெஞ்சு நகரம் என்று இன்று உல்லாசப் பயணிகள் வியந்து பார்க்கும் கட்டக்கட்டமான அமைப்பு, வரைந்தவன் கட்டாமல் போன ஒரு டச்சுத் திட்டத்தின் வழிவந்தது.

கோட்டையின் கதை அதற்கு நேர்மாறானது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுந்த லூயி கோட்டையை, 1761இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் நகரத்தோடு சேர்த்து இடித்துத் தள்ளினார்கள்; 1765இல் ஊர் திரும்பக் கிடைத்தபின் ழான் லா த லோரிஸ்தோன் பழைய தெருக்களின் தடத்திலேயே வீடுகளை எழுப்பினார். பழைய பெருமையோடு ஒரு கோட்டையையும் எழுப்பிவிட வேண்டும் என்று பொறியாளர்கள் வரைந்த திட்டங்களோ, யுத்தமும் பணமுடையும் மாறி மாறி வந்து தடுக்க, ஒருபோதும் முழுமை பெறவில்லை. 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை இந்தியாவிலுள்ள பிரெஞ்சுப் பகுதிகளில் அரண் கட்டவே கூடாதென்று விதித்ததோடு அந்த யோசனை அடியோடு முடிந்தது. கோட்டை இருந்த இடம் பூங்காவாயிற்று. மதில் ஓடிய வளையம் புல்வாராயிற்று; அண்ணா சாலையிலும் சுப்பையா சாலையிலும் சர்தார் பட்டேல் சாலையிலும் நாம் வண்டியோட்டும்போது அந்த வளையத்தின்மேல்தான் போகிறோம். மூன்று நூற்றாண்டுப் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவனுக்கு, இடித்ததும் கட்டாததும் கட்டியதைப் போலவே தடம் விட்டுச் செல்வது கண்கூடாகத் தெரியும்.

நான் வேலைக்கு வந்த புதிதில், இளம் வரைபடக்காரர்கள் எல்லோரும் வாய் பிளந்து பேசிக்கொண்ட திட்டம் ஆரோவில்தான். 1968 பிப்ரவரி 28 அன்று, ஊருக்கு வடக்கே ஆலமரம் ஒன்றின் அருகில், 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண்ணைத் தாமரை மொட்டு வடிவமான தாழியில் இட்டு, 50,000 பேர் வாழப்போகும் நகரத்துக்கு ஆரம்ப விழா நடந்தது. அதற்காகப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் வடித்த ‘கேலக்ஸி’ மாதிரியின் புகைப்படத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது, இப்படியும் ஒரு மனிதன் வட்டத்தை நினைக்க முடியுமா என்று நெடுநேரம் பிரமித்து நின்றேன். நடுவில் மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபம், அதைச் சுற்றிச் சுருள் சுருளாக விரியும் கட்டடத் தொகுதிகள், குடியிருப்பு, தொழில், கலாசாரம், சர்வதேசம் என்று நான்கு மண்டலங்கள், அவற்றை இணைக்கும் வட்டச் சாலை, வெளியே பசுமை வளையம். இவ்வளவும் அடங்கிய பெரிய வட்டத்தின் குறுக்களவு 5 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட 2,000 ஹெக்டேர் வரும்.

காகிதத்தில் அந்த வட்டத்தை ஒரு காம்பசால் ஒரே சுழற்சியில் போட்டுவிடலாம். தரையில் அது குயிலாப்பாளையம், இடையன்சாவடி, கோட்டக்கரை என்று மனிதர் தலைமுறை தலைமுறையாக வாழும் கிராமங்களின் ஊடே செல்கிறது. அங்கே ஒரு சர்வே எண் ஒருவருடையது, அடுத்தது நான்கு பங்காளிகளுடையது, அதற்கடுத்தது கோயிலுடையது. நிலம் துண்டு துண்டாகவே வாங்கப்பட்டது. மழைநீர் அரித்து ஓடைகளாகப் பிளந்து கிடந்த அந்தச் செம்மண் மேட்டில், நகரத்துக்குக் காத்திருந்தவர்கள் வரப்பு கட்டினார்கள், மரம் நட்டார்கள். நகரம் வருவதற்கு முன்னால் காடு வந்துவிட்டது. 1971இல் அஸ்திவாரமிட்ட மாத்ரிமந்திர் 2008இல் முற்றுப்பெற்றது. ஆங்கர் காலமானதும் அதே ஆண்டிலேயே. ஐம்பதாயிரம் பேருக்கு நினைத்த இடத்தில் இன்று வசிப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான்.

2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்களை வெட்ட இயந்திரங்கள் வந்தபோது எழுந்த தகராறையும், 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இட்ட உத்தரவையும், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததையும் வாசகர்கள் அறிவார்கள். சட்டம் பற்றிச் சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன். தொழில் பற்றிச் சொல்லுவேன்: வட்டம் போட்ட நாளில் அங்கே மரமில்லை, ஆகையால் வட்டம் அன்று நியாயமானதே, ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்த காடும் இன்று ஓர் அளவைக் குறிப்பு, அதையும் படத்தில் ஏற்றிக்கொண்ட பிறகே கோட்டைத் திரும்பப் போட வேண்டும். சாலை சில மீட்டர் வளைந்தால் ஆங்கரின் கற்பனைக்கு இழுக்கு வந்துவிடும் என்று நான் எண்ணவில்லை. பாரிஸ் நகரத்தின் நடுப்பாகத்தில் பெரும்பகுதியை இடித்து வரிசையாகக் கோபுரங்கள் எழுப்பலாம் என்று 1925இல் லெ கொர்பூசியே ஒரு திட்டம் தீட்டினார். பாரிஸ் அதை ஏற்கவில்லை. அவரும் தம் எண்ணங்களை விட்டுவிடாமல், பல ஆண்டுகள் கழித்துப் பஞ்சாபின் வயல்வெளியில் சண்டிகரை நிர்மாணிக்கும்போது, ஸ்தலத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப அவற்றை மாற்றிக்கொண்டார். அந்தப் பொறுமை எல்லாத் திட்டக்காரர்களுக்கும் வாய்த்தால் எவ்வளவோ நன்று.

சமுத்திரத்தில் கோடு போடுவது நிலத்தில் போடுவதைக் காட்டிலும் கடுமையான காரியம். புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, சலங்குப் படகுகள் அலையைக் கடந்து சரக்கை ஏற்றியிறக்கின. 1866இல் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் கட்டப்பட்டு, 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. வம்பாகீரப்பாளையத்தில் அதற்குப் பிறகு கட்டிய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதியும் 2022இல் இடிந்து வீழ்ந்தது. எனவே நல்ல துறைமுகம் ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் இவ்வூருக்குப் பரம்பரைச் சொத்து. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. எங்கள் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கேயிருந்து வடக்கு நோக்கி மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆண்டுக்குப் பல இலட்சம் கன மீட்டர் மணல். சுவர் குறுக்கே நின்றால் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை பசித்துக் கிடக்கும். இது வரைந்தவர்களுக்குத் தெரியாததன்று. தேங்கும் மணலை அள்ளி வடக்கே இறைத்துக் கொடுப்பதும் திட்டத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. சுவர் எழுந்தது. மணல் இறைக்கும் காரியம் கிரமமாக நடைபெறவில்லை.

இப்படியாக, ஒரு திட்டத்தின் கட்டப்பட்ட பாதி மட்டும் ஊரில் நின்றது. சில ஆண்டுகளில் கடற்கரைச் சாலைக்குக் கீழே இருந்த மணற்பரப்பு முழுவதும் போய், அந்த இடத்தில் கருங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்து, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று மீனவர் ஊர்களைத் தின்றுகொண்டே போய், எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பத்தையும் பொம்மையார்பாளையத்தையும் அடைந்தது. வலை காயவைக்கவும் படகு ஏற்றவும் இருந்த மணலை இழந்த மீனவர்கள் அதற்கு என்ன பாவம் செய்தார்கள்? 2018–19இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே எஃகினாலான ஆப்பு வடிவப் பாறைத்திட்டு ஒன்றை நீருக்கடியில் இறக்கிய பிறகுதான் அங்கே கொஞ்சம் மணல் திரும்பி வந்தது.

இந்தச் சரித்திரமெல்லாம் கண்முன் இருக்கையில், 2006இல் ஆழ்கடல் துறைமுகத் திட்டம் வந்தது. அதன் படங்களைப் பார்த்த வரைபடக்காரர்களுக்கு அளவு ஒன்றே மலைப்பைத் தந்தது. மீனவர்களும், தேங்காய்த்திட்டு மக்களும், கடற்கரையைக் காக்கப் பாடுபட்டவர்களும் எதிர்த்து எழுந்தார்கள். ஒப்பந்தம் வழங்கிய முறையை ஆட்சேபித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009இல் தள்ளுபடியாயிற்று. வழக்கில் வென்றும் துறைமுகம் எழவில்லை. அது எழாததைப் பற்றி வருந்தும் நண்பர்கள் எனக்கு உண்டு. வேலைவாய்ப்பை எண்ணி அவர்கள் வருந்துவதை நான் குறை கூற மாட்டேன். ஆயினும், முந்தைய சுவர்களுக்கு இறைக்க வேண்டிய மணலையே இறைத்து முடிக்காத கரையில் அவற்றினும் நீண்ட சுவர்களை நீட்டுவதற்கு முன், பழைய கணக்கைத் தீர்த்திருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அந்தத் துறைமுகம் வராமல் போனதை இவ்வூர் பெற்ற நன்மையாகவே கருதுகிறேன்.

கட்டப்படாத திட்டம் ஜனங்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதை நில எடுப்பில் வேலை செய்தவனே சரியாக அறிவான். 1894ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் எல்லாம் ‘4(1) அறிவிப்பு’ என்ற ஒரு தாளில் தொடங்கும். அந்த அறிவிப்பு வெளியான தேதியில் நிலத்துக்கு என்ன விலையோ அதுவே நஷ்ட ஈட்டுக்கு அடிப்படை. ஓராண்டுக்குள் 6ஆம் பிரிவின் கீழ்ப் பிரகடனம், அதிலிருந்து ஈராண்டுக்குள் தீர்ப்பாணை. தவறினால் எல்லாம் காலாவதியாகி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் அந்த நிலத்தை வாங்க எவரும் வரமாட்டார். வங்கி கடன் தராது. வீட்டின் மேல் ஒரு மாடி எடுக்க அனுமதி கிடைக்காது. பாதை ஒன்றுக்கு லெவல் எடுக்கப் போன கிராமத்தில், திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி என்னைக் கூப்பிட்டு, “எங்க ஊட்டு மேல கோடு போவுதா தம்பி? போவுதுன்னா சொல்லிடு, போவலன்னாலும் சொல்லிடு. பேத்தி கல்யாணத்துக்கு மனையை விக்கணும்” என்று கேட்டார். போகும் என்றும் போகாது என்றும் சொல்ல அப்போது எவராலும் முடியாது. மூன்று மாற்று வழிகளை அளந்துகொண்டிருந்தோம், அவற்றில் ஒன்று அவர் கொல்லைப்புறத்தில் சென்றது. பிற்பாடு மூன்றுமே கைவிடப்பட்டன. அந்த மனை அதற்குள் எந்த விலைக்குப் போயிற்றோ!

சேதராப்பட்டில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று 2000களின் நடுவில் எடுத்த நிலம் எழுநூறு ஏக்கருக்கு மேல். மண்டலம் வரவில்லை, விவசாயமும் திரும்பவில்லை. ஆண்டுக்கணக்கில் அவ்வழியே போகும்போதெல்லாம் முள்மரம் மண்டிய அந்தப் பரப்பைப் பார்த்திருக்கிறேன். வாகனம் நிறுத்தி இறங்கிப் பார்க்க மனம் வராது.

இவ்வூரில் திட்டங்கள் தேங்குவதற்கு இன்னொரு காரணம், வெளியூர் ஆலோசகர்கள் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே திகைத்துப்போகும் ஒன்று. புதுச்சேரிப் பகுதி முழுவதும் 300 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதுவும் ஒரே நிலப்பரப்பாக இல்லாமல், பழைய நவாபுகளிடம் பிரெஞ்சுக்காரர் கிராமம் கிராமமாகப் பெற்ற முறையால், தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. தெற்கே சற்றுத் தூரம் போனால் எல்லை, மீண்டும் புதுச்சேரி, மீண்டும் எல்லை. நேர்க்கோடாக ஒரு பாதை போட்டால் அது இரண்டு சர்க்கார்களின் பதிவேடுகளில் மாறி மாறி நுழைந்து வெளிவரும். பழைய படங்களில் இந்தப் பக்கம் மீட்டர், அந்தப் பக்கம் சங்கிலியும் அடியும். இரண்டையும் ஒரு தாளில் பொருத்தும்போது எல்லைக்கல்லே சில இடங்களில் இரண்டாகத் தோன்றும். லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை 1,502 மீட்டர் நீளமுடையது. பெரிய விமானம் இறங்க அதை நீட்ட வேண்டும், நீட்டினால் தமிழ்நாட்டு நிலம் வேண்டும். புதிய முனையம் 2013இலேயே திறக்கப்பட்டுவிட்டது. நீட்டும் யோசனை இன்னும் கடிதங்களிலேயே உலவுகிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குச் செல்ல வேண்டிய, சுமார் 180 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதைக்கு அனுமதி கிடைத்தும் ஆண்டுகள் பல ஆகின்றன. சில ஆண்டுகளில் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஒதுக்கிய தொகை 1,000 ரூபாய். அளவைக்காரர் குழு ஒன்றுக்கு ஒருநாள் சாப்பாட்டுக்கும் அது போதாது. ஆனால் அந்தத் தொகை இருக்கும்வரை திட்டம் உயிரோடிருப்பதாகக் கணக்கு. 1879இல் விழுப்புரத்திலிருந்து வந்த பாதைதான் இன்றும் எங்களுக்கு உள்ள ஒரே ரயில் பாதை.

பெரிய திட்டத்தை எவரும் வேண்டாம் என்று எழுதிக் கொல்வதில்லை. நான் பார்த்தவரையில், அநேகமாக ஒவ்வொன்றும் ஒரே விதமாக அடங்கிப்போகிறது. விலை விகிதப் பட்டியல் மாறிவிட்டதால் மதிப்பீட்டைத் திருத்தி அனுப்பும்படி கோப்பு திரும்பி வரும். திருத்துவதற்குள் அதிகாரி மாறுவார். புதியவர் சில விளக்கங்கள் கேட்பார். விளக்கம் எழுதுவதற்குள் பட்டியல் மறுபடி மாறும். பிறகு கேட்பாரில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மாதிரி வரவேற்பறையிலிருந்து மாடிப்படிக்கு அடியில் போகும். பத்தாண்டு கழித்து வேறொரு பெயரில் அதே திட்டம் வரும். இளம் பொறியாளர்கள் உற்சாகத்தோடு அளக்கப் புறப்படுவார்கள். அதே ஏரிக்கரையில் அதே களிமண்ணைத் துளைத்து எடுத்து, முன்பு கண்டதையே புதிதாகக் கண்டுபிடிப்பார்கள். சேது சமுத்திரத் திட்டத்தை முதலில் எழுதிக் கொடுத்தவர் டெய்லர் என்ற கடற்படை அதிகாரி, ஆண்டு 1860. 2005இல் ஆரம்ப விழா நடந்து, 2007இல் உச்ச நீதிமன்றத் தடையால் அது நிற்பதற்கிடையில் எத்தனை குழுக்கள் அந்த ஆழத்தை அளந்திருக்கும்!

இவ்வளவையும் எழுதத் தூண்டியது ஒரு சிறிய விஷயம். பதினெட்டாம் நூற்றாண்டில் எங்கள் ஊருக்கு வரைந்த கோட்டைப் படம் வேண்டுமென்றால் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸிலுள்ள ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். கட்டப்படாமல் நின்ற திட்டங்களும் அங்கே கட்டியவற்றோடு ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. 1990களில் இவ்வூரிலேயே நாங்கள் வரைந்தவற்றைக் காண வழியில்லை. அலுவலகம் இடம் மாறும்போதும், அலமாரி காலி செய்யும்போதும், நிறைவேறாத திட்டத்தின் தாள்கள்தாம் முதலில் கழிக்கப்படுகின்றன. போகும்போது அழகிய சித்திரம் மட்டும் போவதில்லை: எந்த இடத்தில் எத்தனை மீட்டர் ஆழத்தில் கெட்டித் தரை, எந்த வாய்க்கால் எந்த மாதத்தில் கரை மீறும், எந்தக் கிராமம் எதற்காக ஆட்சேபித்தது என்ற விவரங்களும் சேர்ந்தே போகின்றன. இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இவ்வூரிலேயே லாஸ்பேட்டையில் இருக்கிறது. கைவிடப்பட்ட ஒவ்வொரு திட்டத்துக்கும் அதன் லெவல் புத்தகம், மண்துளைப் பதிவு, ஆட்சேப மனுக்கள், ஏன் கைவிட்டோம் என்று பொறுப்பாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பு ஆகிய நான்கையும் அங்கே சேர்ப்பதைச் சர்க்கார் கட்டாயமாக்க வேண்டும். இதற்கிடையில், ஓய்வு பெற்ற வரைபடக்காரர்கள் சிலர் எங்கள் வீடுகளில் கிடக்கும் அம்மோனியா பிரதிகளை, அவை வெளிறிப்போகும் முன், வருட வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். கடலூர்ச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு காலத்தில் அளந்த பாதைகளின் தாள்கள் பெரும்பாலும் கிடைத்துவிட்டன, கடற்கரைச் சுவர்கள் எழுவதற்கு முன் எடுத்த கரையோர லெவல்கள் மட்டும் இன்னும் எவரிடமும் கிடைக்கவில்லை.